குறைவும் குறைப்பும்



'தரக்குறைவு' என்னுஞ் சொல்லைப் பற்றி இன்று உங்களோடு சிறிது நேரம் பேச எண்ணுகின்றேன். இது புலவர்கள் போற்றி வளர்த்த சொல்லன்று. கடைத்தெருவிலும் கந்தோரிலும் செய்தித்தாளிலும் நாள்தோறும் புழங்குஞ் சொல். 'தரக்குறைவான சீமெந்து' என்கின்றோம். 'மேடையிலே அவர் தரக்குறைவாகப் பேசிவிட்டார்' என்கின்றோம். சற்றுக் கோபம் மிகுந்தால், 'அவன் தரக்குறைவானவன்' என்றுஞ் சொல்லிவிடுகின்றோம். முதலாவது ஒரு பொருளைப் பற்றியது; இரண்டாவது ஒரு செயலைப் பற்றியது; மூன்றாவது ஒரு மனிதனைப் பற்றியது. சீமெந்துக்கும் பேச்சுக்கும் மனிதனுக்கும் ஒரே சொல்லை ஆளுகின்றோம். இது பொருந்துமா என்பதே என் கேள்வி.

நான் பணிபுரிவது சபரகமுவ மாகாணத்திலே. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, இறக்குவானை, காவத்தை, பலாங்கொடை எனப் பெயர் சொன்னால் தேயிலையும் இறப்பரும் மழையும் நினைவுக்கு வரும் ஊர்கள் எங்களுடையவை. இங்கே வாழ்வோர்க்குத் 'தரம்' என்பது அகராதிச் சொல்லன்று. அது சோற்றோடு தொடர்புடைய சொல். ஆகையால், முதலிலே இறப்பர்க் கொட்டகைக்குள் நுழைந்து பார்ப்போம்.

விடியற்காலையில் வெட்டிய பாலைக் கொணர்ந்து, வடித்து, அமிலமிட்டு உறையவைத்து, உருளைகளினூடே செலுத்தித் தகடாக்கிப் புகையறையிலே தொங்கவிடுவார்கள். அது உலர்ந்து பொன்னிறமானதும் ஒரு 'சீற்' ஆகும். அதனை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்துத் தரம் பிரிப்பார்கள். குமிழியும் தூசும் இன்றித் தெளிவாக இருப்பது முதலாந்தரம். பூஞ்சணமும் கறையும் ஏறஏற இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று கீழிறங்கும். ஏன் இறங்குகின்றது? பாலிலே தூசு விழுந்திருக்கும், அமிலம் அளவு தப்பியிருக்கும், புகை போதாதிருக்கும். ஆக, ஒவ்வொரு குறைக்கும் ஒரு காரணம் உண்டு. அக்காரணத்தை விரல் நீட்டிச் சுட்டவுங் கூடும். 'இந்தச் சீற் பிறவியிலேயே ஐந்தாந்தரம்' என்று எந்தக் கொட்டகையிலும் எவருஞ் சொல்வதில்லை.

ஒட்டுப்பாலை எடுத்துக்கொள்ளுங்கள். பாலைச் சேர்த்துக்கொண்டு போன பின்னரும் மரம் சிறிது நேரம் சொட்டிக்கொண்டிருக்கும். அது சிரட்டையிலும் வெட்டுத் தழும்பிலும் தானாக உறைந்து ஒட்டிக்கொள்ளும். மறுநாட் காலையில் அதைப் பிய்த்தெடுத்துக் கூடையிற் போடுவார்கள். விலை குறைவு. எனினும் அதே மரம், அதே வெட்டு, அதே பால். சிரட்டையில் நேரத்தோடு எடுக்கப்பட்டது வெள்ளையாகவோ பொன்னிறமாகவோ ஆனது. எடுக்கப்படாது கிடந்தது பழுப்பு நிறக் கிறேப்பாகப் போகின்றது. இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை பிறப்பிலே இல்லை; நடத்தப்பட்ட முறையிலேயே இருக்கின்றது.

தேயிலையின் கதை இன்னும் வேடிக்கையானது. 'டஸ்ட்' என்று ஒரு வகை உண்டு. தூசு என்ற பெயரைக் கேட்டவுடனே அது கூட்டித் தள்ளிய கழிவென்று எண்ணுவோர் பலர். உண்மையில் 'டஸ்ட்', 'பெக்கோ' முதலிய பெயர்கள் பெரும்பாலும் சல்லடையிற் பிரிந்த இலைத்துணுக்கின் அளவையும் தோற்றத்தையுமே குறிப்பன. சிறுதூள் விரைந்து சாயம் இறக்கும், கடுமையாக இருக்கும். தேநீர்க் கடைக்காரர்கள் தேடி வாங்குவது அதனையே. அவ்வாறே 2000 அடி உயரத்துக்குக் கீழே விளைவதைத் 'தாழ்நிலத் தேயிலை' என்பர். எங்கள் மாகாணத்துத் தேயிலையிற் பெரும்பகுதி அவ்வகையினதே. 'தாழ்' என்ற எழுத்துக்களைக் கண்டு எவரும் முகஞ்சுழிக்க வேண்டியதில்லை. பல ஆண்டுகளாகக் கொழும்பு ஏலத்திலே சராசரி விலையில் மேல்நாட்டுத் தேயிலையை முந்திநிற்பது இந்தத் தாழ்நிலத் தேயிலைதான்!

அளவைச் சொல்ல வந்த பெயர், கேட்போர் செவியிலே மதிப்பைச் சொல்லும் பெயராக உருமாறிவிடுகின்றது. தேயிலைக்கு இதனால் நட்டமில்லை, அதற்குச் செவியில்லை. பிள்ளைகளுக்குச் செவி உண்டு.

நமது அரசாங்கப் பாடசாலைகளை 1ஏபி, 1சி, வகை 2, வகை 3 எனப் பிரித்திருக்கின்றார்கள். உயர்தரத்தில் விஞ்ஞானப் பிரிவு இருந்தால் 1ஏபி. கலை, வர்த்தகப் பிரிவுகளோடு நின்றால் 1சி. தரம் 11 வரை மட்டும் இருந்தால் வகை 2. தரம் 5 அல்லது 8 வரை மட்டும் இருந்தால் வகை 3. வகுப்புகள் எதுவரை உள்ளன என்பதைச் சொல்லும் எளிய குறியீடு இது. தோட்டப்புறப் பாடசாலைகளிற் பல வகை 2, வகை 3 ஆகவே இருப்பதால், ஊர்வாயிலே இது 'மூன்றாந்தரப் பள்ளிக்கூடம்' ஆகிவிட்டது. அங்கே படிப்பிப்பவர் மூன்றாந்தர ஆசிரியர்; படிப்பவன் மூன்றாந்தர மாணவன். ஒரு திணைக்களக் கோப்பிலே வசதிக்காக எழுதப்பட்ட இலக்கம், ஆறு வயதுக் குழந்தையின் நெற்றியிலே வந்து ஒட்டிக்கொள்வதை நான் பலமுறை கண்டிருக்கின்றேன்.

இனி, பழைய சொற்களைச் சற்று நோக்குவோம். தரக்குறைவுக்கு மூத்த சொல் 'இழிவு'. இழிதல் என்றால் இறங்குதல், அவ்வளவே. மலையினின்று அருவி இழியும். தேரினின்று மன்னன் இழிவான். குருவிட்டவிலே போபத் எல்ல நீர்வீழ்ச்சி இழிவதைப் பார்க்க எத்தனையோ பேர் போகின்றார்கள். அந்த இழிவிலே இழிவில்லை. இறங்குதல் என்ற இந்த வெறும் பொருள், மதிப்பினின்று இறங்குதல் என்ற பொருளை எப்போது ஏற்றதென்று நாட்கணக்குச் சொல்ல இயலாது. ஆயினும் புறநானூற்றுக் காலத்திலேயே கட்டில் பின்னுவோனையும் துடி கொட்டுவோனையும் 'இழிசினன்' என்று சுட்டும் வழக்கு வந்துவிட்டது. கட்டில் இல்லாமல் உறங்க மாட்டாதவர்கள், துடி இல்லாமற் போருக்குப் போக மாட்டாதவர்கள், அவற்றைத் தந்தவனுக்கு இட்ட பெயர் அது. சங்க இலக்கியத்தைப் போற்றுவோர் இதனை மறைத்துவிட்டுப் போற்ற வேண்டியதில்லை.

தொல்காப்பியர் இதைப் பார்த்த பார்வை வேறு. மெய்ப்பாடு எட்டனுள் ஒன்றாக 'இளிவரல்' என்பதை வைக்கின்றார். அது எவற்றாற் பிறக்கும் என்றும் நான்கு காரணங்களைத் தருகின்றார்: முதுமை, நோய், வருத்தம், எளியராய் இருத்தல். இந்த நான்கிலே குலம் இல்லை, தொழிலும் இல்லை. நான்கும் எந்த மனிதனுக்கும் என்றேனும் வரக்கூடியவை. வள்ளுவரோ மானம் என்ற அதிகாரத்தில், தம் நிலையினின்று இறங்கிவிட்ட மாந்தரைத் தலையினின்று உதிர்ந்த மயிருக்கு ஒப்பிடுகின்றார். அங்கும் இழிவு என்பது ஒருவன் தன் செயலால் தானே தேடிக்கொள்வது. பிறர் இழுத்து இறக்கினால் அதற்கு என்ன பெயர்? அதற்கு நமக்கு வேறொரு சொல் வேண்டும்.

அந்தச் சொல்லைத் தேடுமுன் 'கூலி' என்ற சொல்லின் பயணத்தைப் பார்த்துவிடுவது நன்று. கூலி என்றால் உழைப்புக்குக் கிடைக்கும் பயன். வள்ளுவரே ஆள்வினையுடைமையைப் பாடுமிடத்தில், உடல் வருந்திய முயற்சிக்குக் கிடைக்கும் பலனைக் கூலி என்ற சொல்லாற் குறிக்கின்றார். விதியும் கைவிட்ட இடத்தில் கைகொடுப்பது அந்தக் கூலி! அத்துணைச் சிறப்புடைய சொல், 19 ஆம் நூற்றாண்டிலே கப்பலேறிய பின்னர் ஊதியத்தை விட்டுவிட்டு ஆளைக் குறிக்கத் தொடங்கியது. இதன் வேர் தமிழா, மேற்கிந்தியாவிலுள்ள கோலி என்ற குலப்பெயரா என்பதில் அறிஞர்க்குள் இரு கருத்துகள் உண்டு. எவ்வாறாயினும் இலங்கை, மலாயா, நாத்தால், மொரீசியசு என்று நம்மவர் போன இடமெல்லாம் இப்பெயரும் உடன் போயிற்று. தென்னாபிரிக்காவிலே வழக்குரைஞராயிருந்த காந்தியடிகளையே 'கூலி பாரிஸ்டர்' என்றார்கள். மொரீசியசின் போர்ட் லூயி துறைமுகத்திலே ஒப்பந்தத் தொழிலாளர் வந்திறங்கிய படித்துறைக்குக் 'கூலி காட்' என்று பெயர். பின்னர் அது 'அப்பிரவாசி காட்', அதாவது புலம்பெயர்ந்தோர் துறை, எனப் பெயர் மாறி, 2006 ஆம் ஆண்டில் உலக மரபுரிமைச் சின்னமாக ஏற்கப்பட்டது.

நம் நாட்டிலே கூலி என்ற பெயரோடு வேறு பெயர்களும் சேர்ந்தன. 'கள்ளத்தோணி' என்றார்கள். 'தோட்டக்காட்டான்' என்றார்கள். இரண்டாவதைச் சொன்னவர்களிலே தமிழ் பேசுவோரும் இருந்தார்கள் என்பதை இந்தத் தமிழ் வானொலியிலே நான் சொல்லாது விட்டால் அது முறையாகாது. காட்டை வெட்டித் தோட்டமாக்கியவனைப் பார்த்துக் காட்டான் என்பது என்ன நியாயமோ தெரியவில்லை! இப்பெயர்களுக்கு மாற்றாக 'மலையகம்' என்ற பெயர் 1960களில் வேரூன்றியது. 2023 இல், வந்து 200 ஆண்டு நிறைந்ததை நினைவுகூர்ந்து தலைமன்னாரிலிருந்து மாத்தளைக்கு நடந்தவர்கள் அப்பெயரைச் சுமந்தே நடந்தார்கள். கேகாலையின் இறப்பர்த் தோட்டங்களிலுள்ள நாங்கள் மலையிலா இருக்கின்றோம், மலையடியிலா என்று எங்களுக்குள்ளே வேடிக்கையாகக் கேட்டுக்கொள்வதுண்டு. எனினும் அப்பெயரை விட்டுக்கொடுக்க எங்களுக்கு மனமில்லை.

இப்போது இலக்கணத்துக்கு வருவோம். அஞ்ச வேண்டாம், சிறிதளவே. 'குறைந்தது', 'குறைத்தது' என்ற இரண்டையும் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். இழிந்தான், இழித்தான். சரிந்தது, சரித்தது. அழிந்தது, அழித்தது. ஒரு மெல்லெழுத்துப் போய் ஒரு வல்லெழுத்து வந்தமர்கின்றது, வேறு மாற்றமில்லை. முன்னது தன்வினை, பின்னது பிறவினை. முன்னதிலே காரியம் தானே நடக்கின்றது. பின்னதிலே செய்தவன் ஒருவன் வந்து நிற்கின்றான். பெயர்ச்சொல்லிலும் இதே வேறுபாடு உண்டு: அழிவு வேறு, அழிப்பு வேறு; குறைவு வேறு, குறைப்பு வேறு. ஆங்கிலத்திலே 'டிகிரடேஷன்' என்ற ஒரு சொல் இரண்டையும் தழுவிக்கொண்டு போய்விடும். தமிழிலே அவ்வாறு தப்பிச் செல்ல இயலாது. குறைந்ததா, குறைக்கப்பட்டதா என்பதைப் பேசுகின்றவன் தேர்ந்துதான் ஆகவேண்டும். தேர்ந்தெடுப்பதிலேதான் நாம் வழுவுகின்றோம். 2022 ஆம் ஆண்டிலே உலகத் தரமிடும் நிறுவனங்கள் நமது நாட்டின் கடன்பெறுந் தகைமையைக் கீழிறக்கியபோது, 'தரமிறக்கல்' என்ற பிறவினைச் சொல் நம் செவிகளில் அடிக்கடி விழுந்தது. எந்த நிறுவனம், எத்தனை படி இறக்கிற்று என்றெல்லாம் ஆராய்ந்தோம். தோட்டத்து மக்களின் வாழ்வு என்று வந்தவுடனே 'தரக்குறைவு' என்ற தன்வினைச் சொல்லுக்கு மாறிவிடுகின்றோம். செய்தவன் பெயர் வாக்கியத்திலிருந்து மறைந்துவிடுகின்றது.

லயத்தை எண்ணிப் பாருங்கள். ஏறத்தாழப் பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. அப்படிப் பல அறைகள் ஒரே கூரையின்கீழ் வரிசையாக. அதிலே சமையலும் உறக்கமும் மகப்பேறும் நோயும் பிள்ளையின் பரீட்சைப் படிப்பும். அதைக் கண்டு 'தரக்குறைவான வாழ்க்கை' என்கின்றோம். அந்த அறை மண்ணிலிருந்து முளைக்கவில்லை. ஒருவர் வரைபடம் வரைந்தார். ஒருவர் செலவைக் கணக்கிட்டார். இத்தனை அடி போதுமென்று ஒருவர் ஒப்பமிட்டார். துண்டு முறையும் அவ்வாறே. ஒரு தொழிலாளி வேறு தோட்டத்துக்குப் போக வேண்டுமானால் அவனது கடனைத் தீர்த்து அவனை எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு காகிதத் துண்டிலே எழுதிக் கொடுப்பார்கள். அந்தத் துண்டு கைமாறினால் மனிதனும் கைமாறுவான். 1921 இலே அது சட்டத்தால் தடைசெய்யப்பட்டது. பின்னர் 1948 இன் குடியுரிமைச் சட்டம் வந்தது. அதன் பயனாகத் தோன்றிய பெயர் 'நாடற்றவர்'. கையற்றவர், காலற்றவர் என்பது போல இயற்கையாகவே நாடு இல்லாமற் பிறந்தவர் என்று தொனிக்கும் சொல் அது. எஞ்சியிருந்தோர்க்குக் குடியுரிமை வழங்க 2003 இலே ஒரு சட்டம் இயற்றப்படும்வரை, 55 ஆண்டுகள், அப்பெயர் புழங்கியது. 1981 ஆகத்தில் இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்களிலே நடந்தவற்றைப் பற்றிப் பேசும்போதும் 'லயங்கள் எரிந்தன' என்று சொல்லிப் பழகிவிட்டோம். லயங்கள் தாமாக எரிவதில்லை.

தமிழிலே இந்தத் தன்வினையைப் பிறவினையாக்கும் முயற்சி முன்பே ஒருமுறை நடந்திருக்கின்றது. 'தாழ்ந்தோர்' என்றிருந்த வழக்கைப் புறந்தள்ளித் 'தாழ்த்தப்பட்டோர்' என்று எழுதியவர்கள் அதைச் செய்தார்கள். 'த்' என்ற ஓரெழுத்தைக் கொண்டுவந்து நிறுத்தி, தாழ்த்தியவர் யார் என்று ஊரைக் கேட்க வைத்தார்கள். அதனைவிடப் பெரிய இலக்கணப் பணி கடந்த நூற்றாண்டிலே நடந்ததாக எனக்குத் தோன்றவில்லை.

'சொல்லை மாற்றினாற் சம்பளம் கூடுமா?' என்று ஒருவர் கேட்கலாம். கூடாது. பெயர் மாற்றத்தின் மேல் எனக்கே பெரிய நம்பிக்கை இல்லை. கூலி போய்த் தொழிலாளி வந்தது. தொழிலாளி போய் இன்னும் மரியாதையான பெயர் வரலாம். கூரைத் தகரம் மட்டும் பழையதாகவே இருக்கும். மரியாதைப் பெயர் சிலவேளை போர்வையாகவும் பயன்படுகின்றது. நான் கேட்பது புதுப்பெயரன்று. இருக்கும் வினைச்சொல்லைச் சரியாக ஆளுங்கள் என்பதே. 'தரக்குறைவாகப் பேசினான்' என்பது சரியான வழக்கு. பேச்சு அவனுடையது, குறையும் அவனுடையதே. 'இந்தப் பாடசாலையின் தரம் குறைந்துள்ளது' என்பது அரைகுறை வழக்கு. கணித ஆசிரியரை அனுப்பாதது யார் என்பதையும் சேர்த்துச் சொன்னால் அது முழு வாக்கியமாகும். 'தரக்குறைவான மனிதர்கள்' என்பதோ வழு.

அந்த வழு, பிறர் வாயிலே நிற்கும்வரை எதிர்த்து வாதாடலாம். தன் வாயிலே வந்துவிட்டால்தான் கடினம். ஆண்டுதோறும் தை மாதத்திலோ பாடசாலை தொடங்கும் வேறு மாதத்திலோ, பிள்ளைகளைச் சேர்க்கத் தந்தையர் வருவார்கள். படிவத்திலே தந்தையின் தொழில் என்று ஒரு நிரல் உண்டு. "என்ன வேலை செய்கிறீர்கள்?" என்று கேட்பேன். "சும்மா தோட்டத்துல வேலைங்க, சேர்" என்பார்கள். "தோட்டத்திலே என்ன வேலை?" என்றால், "சும்மா பால் வெட்டுறதுங்க" என்று விடை வரும். நேயர்களே, இறப்பர் மரத்திலே பால் வெட்டுவது சும்மா செய்யக்கூடிய காரியமன்று. பட்டையைச் சரிவாகச் சீவவேண்டும். உள்ளேயிருக்கும் கட்டையைக் கத்தி தொடலாகாது. ஒரு நூலளவு ஆழம் குறைந்தாற் பால் குறையும். ஒரு நூலளவு கூடினால் மரம் புண்பட்டு, அந்தப் பக்கம் பிறகு வெட்டுக்கு உதவாமற் போகும். நூற்றுக்கணக்கான மரங்களிலே, அரையிருட்டிலே, ஒவ்வொன்றிலும் இதைச் செய்கின்ற ஒரு கை, படிவத்தின் முன்னே 'சும்மா' என்கின்றது. நான் அறிந்த தரக்குறைவுச் சொற்களிலே மிகக் கொடியது அந்தச் 'சும்மா'தான். ஏனெனில் அதற்கு எழுவாய் தேட முடியாது; சொன்னவரே தம்மைக் குறைத்துக்கொள்கின்றார். நான் அந்த நிரலிலே 'இறப்பர்ப் பால் வெட்டுநர்' என்று எழுதி, அவர் எதிரிலேயே வாசித்துக் காட்டுவேன். சிலர் சிரிப்பார்கள். ஒருவர், "அப்படியும் எழுதலாமாங்க?" என்று கேட்டார்.

பிள்ளைகளுக்கு இந்தத் தன்வினை, பிறவினைப் பாடத்தைக் கற்பிப்பது சில வகுப்புகளிலே கடினம் என்பார்கள். தோட்டத்துப் பிள்ளைகளுக்கு அது கடினமன்று என்பதை நான் கண்டிருக்கின்றேன். அவர்களுடைய வீட்டுப் பேச்சிலேயே ஒரு சான்று இருக்கின்றது. காலையிலே பிரட்டுக் களத்தில் ஒருவர் வேலைக்கு வந்ததைப் பதிவதைப் 'பேர் போடுதல்' என்பார்கள். குறித்த அளவு கொழுந்து கொய்து வந்தால் முழுப்பேர். மழையினாலோ, கொழுந்து இன்மையாலோ, உடல் இயலாமையாலோ நிறை குறைந்தால் 'அரைப்பேர்'. அன்றைக்கு அரைநாட் சம்பளமே. ஒரு மனிதப் பெயரை இரண்டாக வெட்டும் கணக்கு வேறெந்தத் தொழிலிலும் இருப்பதாக நான் அறியேன். ஆனால் கூடையை இறக்கிவைத்துவிட்டு லயத்துக்குத் திரும்பும் எங்கள் பெண்கள், 'பேர் குறைஞ்சிருச்சு' என்று சொல்ல நான் கேட்டதில்லை. எழுத்தறியாத கிழவியும்கூட, 'இன்னைக்கு எனக்கு அரைப்பேர் போட்டுட்டாங்க' என்றே சொல்கின்றாள்.